வன்னி யானையும் ஒல்லாந்தக் கும்பனியின் பங்குதாரரும்

கிளிநொச்சியிலிருந்து கண்டி வீதியால் வடக்கே செல்பவர்கள், பரந்தன் சந்தியைக் கடந்து சிறிது தூரம் போனதும், இருமருங்கிலும் உப்பு நீரேரி வெயிலில் விரிந்து கிடக்க, நடுவே ஒடுங்கிய நிலத்தின் வழியாகக் குடாநாட்டினுள் பிரவேசிக்கிறார்கள். பிற்காலத்தில் உப்பளத்தாலும் அதன் பின் யுத்தத்தாலும் பெயர் பெற்ற இந்த ஆனையிறவு, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு காரணத்தால் அம்ஸ்டர்டாம் நகரத்து வணிகரின் கணக்கேடுகளோடு சம்பந்தப்பட்டிருந்தது. வன்னிக் காடுகளில் பிடிபட்ட யானைகள் இந்த ஆழமற்ற நீரைக் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தன. அங்கே விலையாகி, ஊர்காவற்றுறையில் கப்பலேறிப் பாரத தேசத்து அரசர்களின் சேனைகளுக்குப் போயின. அவற்றால் வந்த பொன், உலகத்தின் முதற்பெரும் பங்கு நிறுவனமாகிய ஒல்லாந்த ஐக்கிய கிழக்கிந்தியக் கும்பனியின் வருமானத்தில் சேர்ந்தது.

ஒரு பொருளின் வர்த்தகம் முழுவதையும் ஒரே நிறுவனம் தன் கைக்குள் அடக்கிக்கொள்வது நியாயமா என்று அரசுகள் வழக்குத் தொடுப்பதும், அவ்வழக்கு எப்படி முடியுமோ என்று முதலீட்டாளர் கவலை கொள்வதும் நமது காலத்தில் மட்டும் தோன்றிய விஷயங்கள் என்று எண்ணுகிறவர்கள் இந்த யானைகளின் சரித்திரத்தை அறிய வேண்டும். ஏகபோகத்தைப் பற்றிப் பங்குதாரர் கொண்ட அபிப்பிராயம் அக்காலத்திலேயே மனுக்களாகவும் பிரசுரங்களாகவும் எழுத்தில் ஏறியது. அந்த ஏகபோகத்தின் பாரத்தைச் சுமந்த வன்னி மக்களின் அபிப்பிராயமோ, அவர்கள் செலுத்தாமல் விட்ட திறையின் பாக்கிக் கணக்கில் மட்டுமே ஏறியது.

ஈழத்து யானைக்கு அந்நிய நாடுகளில் இருந்த மதிப்பு மிகப் பழமையானது. கிரேக்க மொழியில் எழுதிய ஈலியன், தப்ரபேன் எனக் கிரேக்கர் அழைத்த ஈழத்தீவின் யானைகள் பெரிய மரக்கலங்களில் ஏற்றப்பட்டுக் கலிங்க அரசனுக்கு விற்கப்பட்டன என்று குறிக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் கீழைத்தேசங்களில் சஞ்சரித்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, இலங்கை யானையைக் கண்டால் மற்றத் தேசத்து யானைகள் பணிந்து வணங்கும் என்ற நம்பிக்கை பரவியிருந்ததைத் தம் யாத்திரை நூலில் எழுதி வைத்தார். நம்பிக்கை மெய்யோ பொய்யோ, அது விலையை உயர்த்தியது என்பதில் சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்திலேயே இந்த வாணிபம் அரச உரிமையாகக் கொள்ளப்பட்டது; யானை மிகுந்த காடுகள் வன்னியின் குறுநிலத் தலைவர்களாகிய வன்னியர் வசமிருந்தமையால், வன்னியர் மன்னனுக்கு யானைத் திறை செலுத்துவதும், மன்னன் அதனை வெளிநாட்டு வணிகருக்கு விற்பதும் ராஜ்யத்தின் கிரமமாயின. ஏகபோகம் என்ற அளவில் அதுவும் ஏகபோகமே; அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும் நல்லூரில் இருந்த மன்னன், பனங்காமத்து வன்னியன் குதிரையேறிச் சென்று முகத்துக்கு முகம் முறையிடக்கூடிய தூரத்தில் இருந்தான். தன் வன்னியர் பகையானால் தன் சிம்மாசனமே ஆட்டங்காணும் என்பதையும் அவன் அறிந்திருந்தான்.

யானை பிடிப்பது எளிய காரியமன்று. பணிக்கர் என வழங்கப்பட்ட, பெரும்பாலும் முஸ்லிம்களாகிய யானை பிடிகாரர் வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த தங்கள் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, காட்டில் யானையின் சுவட்டைப் பின்பற்றி நாட்கணக்காக நடந்து, மான் தோலாலும் எருமைத் தோலாலும் முறுக்கிய வார்க்கயிற்றின் சுருக்கை அதன் பின்னங்காலில் இட்டு, மறுநுனியை அருகிலுள்ள மரத்தில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். துப்பாக்கியின்றி, பெருங் கூட்டமின்றி, கையில் ஒரு கயிற்றோடு இருவர் மூவர் நிகழ்த்திய இந்தச் சாகசத்தை, பின்னாளில் இலங்கையைப் பற்றி விஸ்தாரமான நூல் எழுதிய ஆங்கில அதிகாரி எமர்சன் டெனன்ட் வியந்து வருணித்திருக்கிறார். மந்தையாகப் பிடிக்க வேண்டுமாயின், பருத்த மரங்களை நட்டுப் பட்டி அமைத்து, ஊர் ஊராக ஆண்களைத் திரட்டி, காட்டை வளைத்துப் பறையும் தீவட்டியும் கொண்டு விலங்குகளை உள்ளே துரத்த வேண்டும். அவ்வாறு காட்டில் நின்ற ஆள், அந்த நாட்களில் தன் வயலில் நிற்க இயலாது. வன்னியின் செல்வம் குளத்திலும் நெல்லிலும் இருந்தது. யானை வேட்டையோ குளக்கட்டிலிருந்தும் வயலிலிருந்தும் ஆளைப் பிரித்தெடுத்தது.

1619இல் யாழ்ப்பாண ராஜ்யம் போர்த்துக்கேயர் வசமானது. 1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் வந்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். நிலத்தோடு திறையும் கைமாறியது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய பற்றுகளின் வன்னியர் ஆண்டுதோறும் குறித்த எண்ணிக்கையான யானைகளைக் கும்பனிக்குச் செலுத்த வேண்டும். அதற்குப் புறம்பாக எவரும் எவருக்கும் யானை விற்றல் ஆகாது. துறைமுகமும் கப்பலும் கும்பனியின் காவலில். போர்த்துக்கேயர் பூநகரியில் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் விருத்தி செய்தனர்; ஆனையிறவிலும் அதற்குக் கிழக்கேயும் காவலரண்களை நிறுவி, வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே போகவரும் வழிகளைத் தம் கண்காணிப்பில் வைத்தனர். யாழ்ப்பாணத்துக்கு வந்த யானைகளின் உயரம் முழத்தால் அளக்கப்பட்டது; கொம்பன் யானைக்கு விலை கூடியது; உறுப்பில் குறையிருந்தால் குறைந்தது. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த வணிகர் அவற்றை வாங்கிச் சென்றனர். கப்பலேறும் வரைக்கும் அவற்றைப் பேணும் வேலை குடாநாட்டு மக்களின் தலையில் விழுந்தது. கும்பனிக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய ஊழியம் என்ற கட்டாய வேலையில் இதுவும் அடங்கியது. யானை மட்டுமன்று, துணிக்குச் செந்நிறமூட்டும் சாயவேரும், கடலிற் குளிக்கும் சங்கும் அவ்வாறே கும்பனியின் தனியுரிமைக்குள் கொண்டுவரப்பட்டன.

இனி, இந்தக் கும்பனி யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். 1602ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி நெதர்லாந்து அரசப் பேரவை வழங்கிய சாசனத்தால் அது பிறந்தது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கேயும் மகெலன் நீரிணை வழியாகவும் வர்த்தகஞ் செய்யும் உரிமை 21 ஆண்டுகளுக்கு அதற்கு மட்டுமே உரியதாயிற்று. கோட்டை கட்டவும், படை வைத்திருக்கவும், அரசர்களோடு உடன்படிக்கை செய்யவும் அதிகாரம் அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் மூலதனத்தை நகரத்து மக்கள் பங்குகளாக இட்டனர். பெருவணிகரோடு வீட்டுப் பணிப்பெண்கள் சிலரும் தங்கள் சேமிப்பைக் கொண்டுவந்து பங்கு வாங்கினர். பதினேழு இயக்குநர் சபையாக இருந்து நிர்வகித்தனர். பங்கைப் பிறருக்கு விற்கலாம் என்ற விதியினால் அம்ஸ்டர்டாமில் பங்குச் சந்தை தோன்றியது. ஆனால் ஆண்டுகள் பல கழிந்தும் இலாபப் பங்கு வரவில்லை; இயக்குநர் கணக்குக் காட்டவுமில்லை.

இவ்விடத்தில் ஐசாக் லெ மேர் என்ற வணிகரின் கதை நமக்கு முக்கியமாகிறது. 85,000 கில்டர் இட்டு அம்ஸ்டர்டாம் பிரிவின் மிகப்பெரிய பங்குதாரராயிருந்த இவர், கணக்குத் தகராறு ஒன்றினால் 1605இல் நிர்வாகத்திலிருந்து விலக நேர்ந்தது. 1609ஆம் ஆண்டு ஜனவரியில், நாட்டின் தலைமை ராஜதந்திரியாகிய ஓல்டன்பார்னவெல்டுக்கு அவர் சமர்ப்பித்த மனு, ஏகபோகம் ஒன்றை எதிர்த்துப் பங்குதாரர் ஒருவர் அரசிடம் முறையிட்ட ஆதி நிகழ்ச்சிகளுள் வைத்தெண்ணத் தக்கது. சாசனம் கொடுத்த கடல் மிகப் பெரிது. அதில் கும்பனி தன் கப்பலைச் செலுத்துவது மிகச் சிறிய பகுதியில். எஞ்சிய பகுதிக்குத் தானும் போகாது, போக விரும்பும் பிறரையும் விடாது, வைக்கோற் போரில் படுத்த நாயைப் போல வழிமறித்துக் கிடக்கிறது என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

லெ மேர் மனுவோடு நின்றாரில்லை. தம்மோடொத்த சிலரைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத பங்குகளைப் பின்னொரு திகதியில் ஒப்படைப்பதாக ஒப்பந்தஞ் செய்து விற்று, பங்கின் விலையைத் தாழ்த்த முயன்றார். விலை தாழ்ந்தது. விதவைகளும் அநாதைகளும் நஷ்டமடைகிறார்கள் என்று இயக்குநர் அரசிடம் ஓடினர். கும்பனியின் காரியங்கள் சீர்கெட்டிருப்பதாலேயே விலை தாழ்ந்தது என்று மற்றவர்கள் பதிலுரைத்தனர். 1610ஆம் ஆண்டு பெப்ரவரியில், கையில் இல்லாத பங்கை விற்பதை அரசு தடை செய்தது. அதே ஆண்டில் கும்பனி தன் முதல் இலாபப் பங்கை அறிவித்து, அதன் பெரும்பகுதியைப் பணமாகக் கொடாமல் சாதிபத்திரியாகவும் மிளகாகவும் அளந்து கொடுத்தது. 

லெ மேரின் கோபம் தணியவில்லை. சாசனத்தில் சொல்லப்பட்ட இரு வழிகளையும் தவிர்த்து மூன்றாவது வழியொன்று உண்டாயின் அது சட்ட விரோதமாகாது என்று கருதி, 1615இல் தம் மகன் யாக்கோப்பையும் வில்லெம் ஸ்கௌட்டன் என்ற மாலுமியையும் கப்பலில் அனுப்பினார். அவர்கள் தென்னமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றி ஹோர்ன் முனையைக் கண்டு, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து 1616இல் ஜாவாவை அடைந்தனர். அவ்வாறு ஒரு வழி இருக்க முடியாது என்று கூறி, கும்பனியின் அதிகாரி யான் பீட்டர்சூன் கூன் கப்பலைப் பறிமுதல் செய்தான். தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்ட யாக்கோப் வழியிலேயே இறந்தான். தந்தை வழக்குத் தொடுத்தார். நீண்ட விசாரணையின் பின் கப்பலையும் சரக்கையும் கும்பனி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நியாயஸ்தலம் தீர்த்தது. மகன் திரும்பவில்லை, ஏகபோகமும் அசையவில்லை. சாசனம் புதுப்பிக்கப்பட வேண்டிய காலம் நெருங்கியபோது, 1622இல், அதிருப்தியுற்ற பங்குதாரர் பிரசுரங்களை அச்சிட்டு, இயக்குநர் தம்மைத் தாமே செல்வராக்கிக்கொள்கின்றனர் என்றும் கணக்கை வெளியிட வேண்டும் என்றும் கிளர்ச்சி செய்தனர். பெரும் பங்குதாரரிலிருந்து ஒன்பதின்மர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1623இல் சாசனம் நீடிக்கப்பட்டது. அதன் பின் இலாபப் பங்கு ஒழுங்காக வரத் தொடங்கவே, ஏகபோகம் தர்மமா அதர்மமா என்ற விசாரணை பங்குதாரரிடையே ஓய்ந்துபோயிற்று.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். லெ மேர் அறிவாளி, துணிவுள்ளவர், தம் நியாயத்துக்காக மகனையே இழந்தவர். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அவரும் 1622ஆம் ஆண்டுப் பங்குதாரரும் எழுப்பிய கேள்வி, ஏகபோகத்தின் இலாபம் யார் கைக்கு வரவேண்டும் என்பதைத் தாண்டவில்லை. விற்பவனுக்கு ஒரே வாடிக்கையாளனையும் ஒரே விலையையும் விட்டுவைக்கும் இந்த ஏற்பாடு, விற்பவனுடைய ஊரை என்ன செய்கிறது என்று அவர்களுள் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வன்னி போன்ற எத்தனையோ நிலங்கள் கும்பனியின் கையில் அகப்பட்டபோது, அக்கேள்வியைக் கேட்க அம்ஸ்டர்டாமில் ஆளில்லை; வன்னியில் ஆளிருந்தும், போய்க் கேட்பதற்கு நியாயஸ்தலமில்லை.

அதனால் வன்னியர் தமக்கு இயன்ற வழியிற் கேட்டனர். பனங்காமத்துக் கயிலாய வன்னியன் ஒல்லாந்தருக்குப் பணிய மறுத்தவன் என்ற நினைவு இன்றளவும் வன்னியில் போற்றப்படுகிறது. அவனுக்குப் பின் வந்தவர்களும் திறையைத் தாமதித்தனர்; ஆண்டுக்காண்டு பாக்கி பெருகியது; ஒல்லாந்தர் நெருக்கினால் கண்டி மன்னனின் பக்கம் சாய்ந்தனர். 1697இல் யாழ்ப்பாணத்துக் கொமாந்தர் ஹெண்ட்ரிக் சுவார்டெகுறூன் மலையாளக் கரைக்குப் புறப்படுமுன் தம் சபையினருக்கு எழுதி வைத்த அறிவுறுத்தற் குறிப்பைப் படிப்பவர்கள், யானை வாணிபம் கும்பனிக்கு எவ்வளவு முக்கியமானதென்பதையும், வன்னியரின் பாக்கி அவருக்கு எத்துணைத் தலைவலி தந்ததென்பதையும் ஒருங்கே காணலாம். அக்குறிப்பில் வன்னியர் சோம்பேறிகளாகவும் ஏய்ப்பவர்களாகவும் தோன்றுவர். எழுதியவர் கடன் கொடுத்தவனின் ஆசனத்திலிருந்து எழுதினார். அதே வரிகளை வன்னியின் பக்கத்திலிருந்து வாசித்தால், வழக்காட மன்றமில்லாத மக்கள் பொருளைக் கொடாமல் நிறுத்தி வைத்து நடத்திய ஒரு நீண்ட வியாஜ்ஜியத்தின் ஆவணமாக அது மாறுகிறது. எழுதிய அந்த அதிகாரி பின்னர் பத்தாவியாவில் கும்பனியின் மகாதேசாதிபதியாகவும் உயர்ந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியப் போர்க்களங்களில் பீரங்கியின் ஆதிக்கம் பெருகி யானைக்கு இருந்த தேவை குறையவே, கும்பனியின் கண் வன்னியின் நெல்லின் மேல் திரும்பியது. 1780களில் வன்னியர் அதிகாரம் அகற்றப்பட்டு, லெப்டினன்ட் தோமஸ் நேகல் என்பவர் வன்னியை நேரடியாக நிர்வகிக்க நியமிக்கப்பட்டார். 1793இல் அவர் எழுதிய விவரணம் அக்கால வன்னியை அறிய நமக்குள்ள சிறந்த சாதனங்களுள் ஒன்று. ஆனால் கும்பனிக்கே ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. ஆங்கிலேயரோடு 1780 முதல் 1784 வரை நடந்த யுத்தம் அதன் கப்பல்களையும் கருவூலத்தையும் ஒருங்கே அழித்தது. 1795இல் யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஆங்கிலேயர் வசமாயின. 1796இல் நெதர்லாந்து அரசு கும்பனியைத் தன்வசமாக்கியது. 1799 டிசம்பர் 31இல் சாசனம் காலாவதியாகியது. வன்னியில் எதிர்ப்பு அப்போதும் ஓயவில்லை. பண்டார வன்னியன் 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கற்சிலைமடுவில் ஆங்கிலேயரின் படைத்தலைவன் வான் டிரீபேர்க்கின் படையிடம் தோல்வியுற்றதும் இங்குள்ள சிறுவரும் அறிந்த சரித்திரம்.

ஏகபோகம் போனதும் யானைக்கு என்ன நேர்ந்தது என்பது மனத்தை வருத்தும் செய்தி. ஒரு காலத்தில் வராகன் கணக்கில் விலைபோன அதே விலங்கைக் கொல்பவனுக்கு ஆங்கில அரசு சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று டெனன்ட் எழுதுகிறார். காட்டின் மேலோ அதன் அருகே வாழ்ந்தோர் மேலோ கும்பனிக்கு அக்கறையிருந்ததில்லை. சரக்காக இருந்த காலத்தில் யானை காக்கப்பட்டது, சரக்காக இல்லாதபோது சுடப்பட்டது.

நம் காலத்துக்கு வருவோமானால், நிலைமை பெரிதும் மாறியதாகச் சொல்வதற்கில்லை. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனத்தை 34 கம்பனிகளாகப் பிரித்தபோது, பங்குதாரர் ஒவ்வொரு துண்டிலும் பங்கு பெற்று, துண்டுகளின் விலை ஏற ஏற முன்னிலும் செல்வராயினர். அதன் நிறுவுநர் ரொக்பெல்லரே அவர்களுள் முதல்வர். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் மேல் தொடுக்கப்பட்ட வழக்கில் சமாதானப் பேச்சு முறிந்து, 2000 ஏப்ரல் 3இல் தீர்ப்பு வெளியான அந்த ஒரே நாளில் அதன் பங்கு ஏறத்தாழ 14 வீதம் வீழ்ந்தது. இணையத் தேடலில் கூகுள் சட்ட விரோதமாக ஏகபோகத்தைப் பேணுகிறது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்த்தார். ஆயினும் 2025 செப்டம்பர் 2இல் பரிகாரத்தை அறிவிக்கையில் குரோம் உலாவியை விற்கும்படி அவர் கட்டளையிடாமையால், மறுநாளே தாய்க் கம்பனியாகிய அல்பபெட்டின் பங்கு உயர்ந்தது. ஏகபோகவாதி என்று தீர்க்கப்பட்ட ஒரு நிறுவனம் அதிகம் இழக்காமல் தப்பியது கண்டு முதலீட்டாளர் மகிழ்ந்தனர். அவர்கள் பணம் அது, மகிழ்வது இயல்பு. ஆனால் வழக்கு நல்லதா கெட்டதா என்பதைப் பங்கு விலையின் ஏற்ற இறக்கத்தால் அளக்க முற்படும் எழுத்துகளை வாசிக்கும்போது, பனங்காமத்துத் திறைப் பாக்கி எனக்கு நினைவு வருகிறது. தேடுகிறவனும், விளம்பரம் கொடுக்கும் சிறு வியாபாரியும், தன் எழுத்தை அந்தத் தேடலுக்குத் தீனியாகக் கொடுக்கும் ஆசிரியனும் அந்த அளவுகோலில் இடம்பெறுவதில்லை.

நமது நாட்டில் இதற்கென ஒரு சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டம், ஏகபோகத்தையும் கம்பனிகளின் இணைப்பையும் விசாரிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு அளித்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோது, அந்த அதிகாரங்கள் தொடரவில்லை. அறுவடைக் காலத்தில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு, பெரிய ஆலைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுக் காத்திருக்கும் கமக்காரனுக்கு, முறையிடச் சென்று ஏறத்தக்க படிக்கட்டு ஒன்று வேண்டும். அந்த அதிகாரங்கள் மீண்டும் சட்டமாக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்கும் மாணவர்கள் பங்குச் சந்தையின் தோற்றத்தைப் படிக்கும்போது அம்ஸ்டர்டாமைப் படிக்கிறார்கள். அதனோடு சுவார்டெகுறூனின் குறிப்பையும் நேகலின் விவரணத்தையும் எடுத்து, தங்கள் ஊர்ப் பெயர்கள் வரும் இடங்களை அடையாளங்கண்டு, கும்பனியின் கணக்குக்கு எதிர்ப்பக்கத்தை வன்னியின் பேரால் எழுத அவர்கள் முன்வர வேண்டும். சுவார்டெகுறூனின் குறிப்பு சோபியா பீட்டர்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 1911இலேயே கொழும்பில் அச்சாகிவிட்டது. எடுத்துப் படிப்பதற்குத் தடையொன்றுமில்லை.